14 சுவிட்சுகளும் ஒரு கருகிய டிகோடரும்

என் மாதிரி ரயில் மேசையின் முன்விளிம்பில் ஒரு பலகை. அதில் 14 சுவிட்சுகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தேன்: ‘பிளாட்பாரம் 1’, ‘பிளாட்பாரம் 2 பின்பாதி’, ‘ஷெட் வாசல்’, ‘சரக்கு யார்டு’. 11-ஆவது சுவிட்சின் சீட்டு எப்போதோ உதிர்ந்துவிட்டது. அது எந்தப் பகுதிக்கானது என்று பார்க்க ஒருநாள் தட்டினேன். சுரங்கத்துக்குள் நிறுத்திவைத்து நானே மறந்துபோன சரக்கு ரயில் புறப்பட்டு வந்து, எதிரே வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலை முட்டி நின்றது. அனலாக் முறையில் 9 ஆண்டுகள் ஓட்டினேன். அந்த 9 ஆண்டுகளில் ரயில் ஓட்டிய நேரத்தைவிட சுவிட்ச் போட்ட நேரமே அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை.

அதனால்தான் டிஜிட்டலுக்கு மாறினேன். இப்போது அதில் 5 ஆண்டுகள் முடிந்திருக்கின்றன. மாறலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லத் தெரியாததால், பட்டதை எழுதிவிடுகிறேன்.

அனலாக்கில் கன்ட்ரோலர் தண்டவாளத்துக்கு 0 முதல் 12 வோல்ட் வரை நேர்மின்னோட்டம் தருகிறது. குமிழைத் திருகினால் வோல்ட்டேஜ் ஏறும், எஞ்சின் வேகம் பிடிக்கும். முனைகளை இடம் மாற்றினால் திசை மாறும். எஞ்சினின் வலப்பக்கத் தண்டவாளம் நேர்முனையாக இருந்தால் அது முன்னோக்கிப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எஞ்சினைத் தூக்கி முகத்தைத் திருப்பி வைத்துப் பாருங்கள். பழைய திசையிலேயேதான் போகும், இம்முறை பின்புறம் காட்டிக்கொண்டு. எஞ்சினுக்கு முன்னும் பின்னும் கிடையாது, தண்டவாளத்துக்குத்தான் உண்டு. அனலாக்கில் நாம் ஓட்டுவது தண்டவாளத்தை. அதன்மேல் எது நின்றாலும் கிளம்பிவிடும்.

ஒரே ஒரு ரயில், ஒரே ஒரு வட்டம் என்றால் இதைவிட எளிமையானது எதுவும் இல்லை. சிக்கல் இரண்டாவது எஞ்சினோடு வருகிறது. அது சும்மா நிற்க வேண்டுமானால் அது நிற்கும் இடத்துக்கு மின்சாரம் போகக்கூடாது. எனவே தண்டவாளத்தை வெட்டி, பிளாஸ்டிக் இணைப்பான் போட்டு, தனிப்பகுதியாக்கி, அதற்கொரு சுவிட்ச் வைக்கிறோம். மூன்றாவது எஞ்சின் வந்தால் இன்னொரு வெட்டு. என் 14 சுவிட்சுகள் இப்படித்தான் பெருகின. என்னைக் கடைசியில் கவிழ்த்தது ஒரு சின்ன ஆசை: பிளாட்பாரத்தில் நிற்கும் ரயிலின் பின்னால் ஷண்டிங் எஞ்சின் ஒன்று மெதுவாக வந்து, கொக்கி மாட்டி, கடைசிப் பெட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அனலாக்கில் இதைச் செய்யலாம். ஆனால் எந்த இடத்தில் வெட்டுகிறேனோ அந்த இடத்தில் மட்டும்தான். ரயில் இரண்டு பெட்டி நீளம் கூடினால் வெட்டு பொருந்தாது. தண்டவாளத்தை எங்கே வெட்டினேன் என்பது, ரயில் எங்கே நிற்கலாம் என்பதைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

டிஜிட்டல் முறைகள் ஒன்றும் நேற்று வந்தவை அல்ல. ஹார்ன்பி நிறுவனம் 1979-இலேயே ‘ஜீரோ 1’ என்று 16 எஞ்சின்களைத் தனித்தனியே இயக்கும் முறையைக் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) முறையை, ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் என்எம்ஆர்ஏ என்ற மாதிரி ரயில் சங்கம் 1990-களில் தரநிலையாக வகுத்தது. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் வேறொரு நிறுவனத்தின் டிகோடர், அதாவது எஞ்சினுக்குள் இருந்து கட்டளையைப் புரிந்துகொள்ளும் சிறு மின்னணுப் பலகை, வேலை செய்கிறது.

இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம், என் மேசையில் சுமார் 15 வோல்ட், ஓடிக்கொண்டே இருக்கும். அதன் முனைகள் நொடிக்குப் பல்லாயிரம் தடவை இடம் மாறுகின்றன. 58 மைக்ரோநொடியில் மாறினால் அது 1. சுமார் 100 மைக்ரோநொடி எடுத்துக்கொண்டால் அது 0. இந்த ஒன்றுகளும் பூஜ்யங்களும் சேர்ந்து ஒரு சிறு செய்தியாகின்றன: முதலில் எஞ்சினின் எண், அடுத்து கட்டளை, கடைசியில் செய்தி பிசகாமல் வந்ததா என்று சரிபார்க்க ஒரு எண். எல்லா எஞ்சின்களும் எல்லாச் செய்திகளையும் கேட்கின்றன. தன் எண் வந்தால் மட்டும் டிகோடர் காது கொடுக்கிறது. மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் என்பதை டிகோடரே முடிவுசெய்வதால், முன்னோக்கி என்றால் எஞ்சினின் முகம் இருக்கும் பக்கம்தான். எப்படித் திருப்பி வைத்தாலும்.

வாங்கும்போது எல்லாரும் சொல்வது, “இரண்டே வயர் போதும், அத்தனை சுவிட்சையும் கழற்றி எறிந்துவிடலாம்”. அதை நம்பித்தான் நான் முதல் அடி வாங்கினேன்.

பழைய மேசையில் ஒவ்வொரு பகுதிக்கும் மின்சாரம் ஓரிடத்தில்தான் ஏறியது. மற்ற தண்டவாளத் துண்டுகளுக்கெல்லாம் இணைப்புத் தகடுகள் வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தகடுகள் ஆண்டுக்கணக்கில் கறுத்துத் தளர்ந்திருந்தன. அனலாக்கில் தூரத்து மூலையில் ரயில் தளர்ந்தால் குமிழை இன்னும் கொஞ்சம் திருகுவேன், போய்விடும். என் கை அந்தக் குறையை 9 ஆண்டுகளாகச் சரிக்கட்டிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. டிஜிட்டலில் தண்டவாள வோல்ட்டேஜை ஏற்றக் குமிழ் இல்லை. அதே மூலையில் விளக்கு மினுக்கியது, எஞ்சின் திக்கியது, ஒலி டிகோடர் போட்ட எஞ்சின் ஒவ்வொரு இணைப்பிலும் செத்துப் பிழைத்து மறுபடி முதலிலிருந்து ஊதத் தொடங்கியது.

அதைவிடக் கவலைக்குரியது ஷார்ட் சர்க்யூட். தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் என் பூஸ்டர் 5 ஆம்பியர் தரும். 15 வோல்ட்டில் அது 75 வாட். என் சால்டரிங் கருவி 25 வாட். ஒரு பெட்டி தடம் புரண்டு இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட்டால், பூஸ்டர் அந்த நொடியே துண்டித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மூன்று சால்டரிங் கருவிகளின் சூடு ஒரு சக்கரத்தில் இறங்கும். ஆனால் மெல்லிய வயரும் தளர்ந்த தகடும் வழியில் தடையாக நின்றால் பூஸ்டருக்கு அது ஷார்ட் என்றே தோன்றாது; கனமான ரயில் ஒன்று ஓடுவதாக நினைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதற்கு எல்லாரும் செய்யும் சோதனை ஒன்று உண்டு: ஒரு நாணயத்தை இரு தண்டவாளங்களின் மேலும் படும்படி வைப்பது. எங்கே வைத்தாலும் பூஸ்டர் டக்கென்று நிற்க வேண்டும். என் மேசையில் 23 இடங்களில் வைத்துப் பார்த்தேன். 8 இடங்களில் நிற்கவில்லை. ஓரிடத்தில் நாணயத்தை எடுக்கப் போய் விரல் சுட்டது.

அடுத்த இரண்டு மாதம் ரயில் ஓடவில்லை. மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, தடித்த வயர் ஒரு ஜோடியை மேசையின் நீளத்துக்கும் இழுத்து, ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் மெல்லிய வயர் இறக்கி அதில் பற்றவைத்தேன். தலைக்கு மேலே சால்டர் செய்பவர்கள் கண்ணாடி அணியுங்கள். சட்டைப் பொத்தானையும் கழுத்துவரை போடுங்கள். இரண்டாவது அறிவுரையை நான் எப்படிக் கற்றேன் என்று விவரிக்க விரும்பவில்லை.

கருகிய டிகோடரின் கதை அதற்குப் பிறகு.

என்னிடம் இருந்த எஞ்சின்களில் மிகப் பழையதைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்று எனக்கென்ன பிடிவாதமோ தெரியவில்லை. புதிய எஞ்சின்களில் 8 அல்லது 21 முள் கொண்ட சாக்கெட் இருக்கும்; டிகோடரைச் செருகினால் வேலை முடிந்தது. பழையதில் ஒன்றும் கிடையாது, வயர் வயராகப் பற்றவைக்க வேண்டும். நிறங்கள் பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பொது: சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளையும் மஞ்சளும் விளக்குகளுக்கு, நீலம் விளக்குகளின் பொது முனை. ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பற்றவைத்தேன். அழகாகவே வந்தது. வயர்களைச் சின்னக் கறுப்பு நாடாவால் கட்டி, பாய்லருக்குள் மடித்துவைத்து, மூடியைத் திருகி, பிரதான பாதையில் வைத்து, பவர் போட்டேன்.

எஞ்சின் நகரவில்லை. புகைபோக்கியிலிருந்து மெல்லிய புகை வந்தது. நீராவி எஞ்சின் என்பதால் ஒரு கணம் எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. அப்புறம்தான் பிளாஸ்டிக் கருகும் நாற்றம்.

மூடியைத் திறந்தால் டிகோடரின் மேலுறை கொப்புளித்து நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. காரணத்தைத் தேட அரைமணி நேரம் ஆனது. அந்தக் காலத்து எஞ்சின்களில் மோட்டாருக்கு மின்சாரம் ஏற்றும் இரண்டு பிரஷ்களில் கீழே உள்ளது, ஒரு செம்புத் தகடு வழியாக நேரே உலோக அடித்தளத்தைத் தொடும். அடித்தளம் ஒரு பக்கச் சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்தைத் தொடும். அனலாக்குக்கு அது சிக்கனமான ஏற்பாடு, ஒரு வயர் மிச்சம். டிகோடருக்கு அது மரண தண்டனை: மோட்டாருக்குப் போகும் முனையில் தண்டவாளத்தின் முழு மின்சாரமும் திரும்பி ஏறிவிடுகிறது. மேல் பிரஷ்ஷின் வயரை மட்டும் பிரித்தேன். கீழே ஒன்று இருக்கும் என்று குனிந்து பார்க்கவில்லை.

அன்றிலிருந்து டிகோடரைத் தொடுவதற்கு முன் மூன்று வேலைகள் செய்கிறேன். மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, மோட்டாரின் ஒவ்வொரு முனையையும் எல்லாச் சக்கரங்களோடும் அடித்தளத்தோடும் தொட்டுப் பார்க்கிறேன். ஓர் இடத்தில் பீப் வந்தாலும் பிரித்தது போதவில்லை என்று பொருள். அடுத்து, எஞ்சின் இன்னும் அனலாக்காக இருக்கும்போதே 12 வோல்ட் கொடுத்து, சக்கரத்தை விரலால் ஒரு கணம் பிடித்து நிறுத்தி, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளக்கிறேன். அந்த அளவு டிகோடரின் தாங்குதிறனுக்குள் இருக்க வேண்டும். மூன்றாவதாக, பற்றவைத்து முடித்ததும் எஞ்சினைப் பிரதான பாதைக்குக் கொண்டுபோகாமல், டிகோடரில் அமைப்புகளை எழுதுவதற்கென்று இருக்கும் புரோகிராமிங் பாதையில் வைக்கிறேன். அங்கே கட்டுப்பாட்டுப் பெட்டி மிகக் குறைந்த மின்னோட்டத்தைத்தான் விடும். இணைப்பில் பிழை இருந்தால் டிகோடரின் எண்ணைப் படிக்க முடியவில்லை என்று திரையில் வரும், அவ்வளவுதான். பெட்டியோடு வந்த கையேட்டில் இது எழுதியிருந்தது. படித்தது பிறகு.

டிகோடரின் உள்ளமைப்புகளை சிவி என்ற எண்ணிட்ட அறைகளில் எழுத வேண்டும். கேட்கப் பயமாக இருக்கும். தினமும் தேவைப்படுவது நாலைந்துதான். சிவி 1 எஞ்சினின் எண். புதிதாக வரும் டிகோடர் எல்லாமே 3 என்ற எண்ணோடுதான் வரும். எனவே பெட்டியிலிருந்து எடுத்ததும் மாற்றிவிடுங்கள். நான் ஒருமுறை மறந்து, முன்பக்கம் ஓட்டிய எஞ்சினோடு ஷெட்டில் இருந்த புதியதும் சேர்ந்து கிளம்பி, 11-ஆவது சுவிட்ச் நாட்களை நினைவூட்டியது. சிவி 2 புறப்படும்போது தரும் மின்னழுத்தம், சிவி 3 வேகம் பிடிக்கும் நிதானம், சிவி 4 வேகம் குறையும் நிதானம். இந்த மூன்றோடு ஒரு மாலை விளையாடினால் போதும், எஞ்சினுக்கு எடை வந்துவிடும். 28-க்குப் பதில் 128 வேகப்படிகளை வைத்துக்கொண்டால் என் ஷண்டிங் எஞ்சின் ஒரு ஸ்லீப்பர் கட்டையிலிருந்து அடுத்ததற்கு ஊர்கிறது. ஆனால் ஒன்று: மோட்டாரும் பல்சக்கரமும் நன்றாக இருந்தால்தான். அனலாக்கில் குதித்துக் கிளம்பும் எஞ்சின் டிகோடர் போட்ட பிறகும் கொஞ்சம் நாகரிகமாகக் குதிக்கும், அவ்வளவே. நல்ல அனலாக் கன்ட்ரோலரிலும் ஊர்ந்து போக வைக்க முடியும்.

சிவி 29-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் என் மகள்.

மேசையின் மேற்கு முனையில் ஒரு பாயின்ட், அதாவது தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம். அதன்மேல் ஒரு குறிப்பிட்ட எஞ்சின் போகும்போதெல்லாம் மேசை முழுவதும் ஒரு நொடி நின்று மறுபடி உயிர் பெறும். எஞ்சினின் ஒரு சக்கரத்தின் பின்பக்கம், பாயின்ட்டில் விலகி நிற்கும் நாக்கை (நகரும் தண்டவாள முனையை) உரசுகிறது. நாக்கில் இருப்பது எதிர்முனை. அனலாக்கில் அந்தக் கணநேர ஷார்ட் ஒரு சிறு பொறியாக முடிந்துவிடும், யாரும் கவனிப்பதில்லை. பூஸ்டரோ உடனே துண்டிக்கிறது. ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவைத்தேன். ஒரு ஞாயிறு, எஞ்சின் அந்த நாக்கைத் தொட்டது, மேசை அணைந்தது, மீண்டும் வந்தது. நான் வேறொரு ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, அது தானாகப் போகிறது!” என்றாள் மகள்.

ஷெட்டில் யாரும் தொடாமல் நின்ற டீசல் எஞ்சின், முழு வேகத்தில் வெளியே வந்துகொண்டிருந்தது. நான் கையில் இருந்த கருவியில் அதன் எண்ணைத் தட்டி முடிப்பதற்குள் மேசையின் முனைக்கு வந்துவிட்டது. அவள் கையை நீட்டிப் பிடித்தாள். முன்பக்கத்துக் கைப்பிடி ஒன்று உடைந்ததோடு போயிற்று.

என்ன நடந்தது என்றால், பல டிகோடர்கள் தண்டவாளத்தில் டிஜிட்டல் செய்தி இல்லாமல் மின்சாரம் மட்டும் வந்தால் ‘இது அனலாக் பாதை போலிருக்கிறது’ என்று முடிவுசெய்து, கிடைக்கும் வோல்ட்டேஜுக்கு ஏற்ப ஓடத் தொடங்கிவிடும். பவர் அணைந்து வரும் குழப்பத்தில் அந்த எஞ்சின் அப்படி நினைத்துக்கொண்டது. தண்டவாளத்தில் இருப்பதோ முழு 15 வோல்ட். இந்த அனலாக் அனுமதி சிவி 29-க்குள் 4 என்ற மதிப்பாக ஒளிந்திருக்கிறது. சாதாரணமாக சிவி 29-இல் 6 இருக்கும். 4-ஐக் கழித்து 2 என்று எழுதினால் அனுமதி ரத்து. நான்கு இலக்க நீள எண் வைத்திருந்தால் 38 இருக்கும் இடத்தில் 34. அன்று இரவே எல்லா எஞ்சின்களுக்கும் எழுதினேன். அந்த எஞ்சினின் சக்கர இடைவெளியையும் அப்போதுதான் அளந்து சரிசெய்தேன். கொஞ்சம் குறுகியிருந்தது.

பாயின்ட்களை டிஜிட்டலுக்கு மாற்றவில்லை. மாற்றிய நண்பர் ஒருவரின் மேசையில் பார்த்ததே போதும்: தவறான பக்கம் திரும்பியிருக்கும் பாயின்ட்டில் எஞ்சின் ஏறுகிறது, ஷார்ட் ஆகிறது, பவர் போகிறது. பாயின்ட்டைத் திருப்பினால் ஷார்ட் தீரும். திருப்பும் கட்டளை போகத் தண்டவாளத்தில் பவர் வேண்டும். கடைசியில் கையால் எஞ்சினைத் தள்ளுகிறார். பாயின்ட் மோட்டார்களுக்குத் தனி மின்சாரம் கொடுத்தால் இது நேராது. எனக்கு என் பழைய சுவிட்சுகளே போதுமானவையாக இருக்கின்றன. 14-இல் 6 இப்போது அந்த வேலைக்கு.

இரண்டு முறைகளையும் ஒரே மேசையில் கலப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஜிட்டல் பகுதிக்கும் அனலாக் பகுதிக்கும் நடுவே வெறும் பிளாஸ்டிக் இணைப்பானை வைத்து எஞ்சினைக் கடக்க விடாதீர்கள். எஞ்சினின் முன் சக்கரம் ஒரு பக்கமும் பின் சக்கரம் மறுபக்கமும் இருக்கும் அந்தக் கணத்தில் இரண்டு கன்ட்ரோலர்களும் எஞ்சின் வழியாகவே ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. நான் மேசை முழுவதையும் ஒரே ஒரு பெரிய சுவிட்சால் மாற்றுகிறேன்: ஒரு பக்கம் டிஜிட்டல், மறுபக்கம் அனலாக், நடுவில் இரண்டும் இல்லாத நிலை. மாற்றும் முன் ஒரு முறைக்குரிய எஞ்சின்களை மட்டுமே மேசையில் விடுகிறேன். டிகோடர் இல்லாத எஞ்சினை டிஜிட்டல் பாதையில் வைத்தால் கொசு ரீங்கரிப்பதுபோல மோட்டார் முனகும். அது சூடேறுவதன் ஒலி. உள்ளே இரும்புக் கரு இல்லாத கோர்லெஸ் வகை மோட்டார் என்றால் கருகியே போகலாம்.

யாருக்கு எது? ஒரு வட்டத்தில் ஒரு ரயில் ஓடுவதைப் பார்த்து ரசிப்பவருக்கு டிஜிட்டலால் கிடைப்பது விளக்கும் ஒலியும்தான். அதற்காக ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு டிகோடர் வாங்குவது எனக்கு வீணாகப் படுகிறது. 40 பழைய எஞ்சின்கள் வைத்திருப்பவருக்கும் அப்படியே. இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுகிறார்கள், ஷண்டிங்கில் ஆசை, ஒரே பாதையில் ஒரு எஞ்சின் இன்னொன்றை நெருங்கிப் போக வேண்டும் என்றால் தயங்காமல் மாறலாம், நாணயச் சோதனையை முதலில் முடித்துவிட்டு. நானும் மகளும் இப்போது ஆளுக்கொரு கருவியோடு ஓட்டுகிறோம். நான் கொண்டுவரும் ரயிலின் பின்னால் அவள் ஷண்டிங் எஞ்சினைக் கொண்டுவந்து கொக்கி மாட்டுகிறாள். எங்கே நிறுத்தினாலும் மாட்டுகிறாள்.

போன வாரம் அந்தப் பழைய நீராவி எஞ்சினை மறுபடி வெளியே எடுத்தேன். கீழ் பிரஷ்ஷின் செம்புத் தகட்டை வெட்டி, அடியில் காப்பு வைத்து, மல்டிமீட்டரால் எல்லாச் சக்கரங்களையும் தொட்டேன். பீப் வரவில்லை. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி ஆம்பியர் பார்த்தேன்: 1.8. கையில் இருக்கும் டிகோடர் தாங்குவது 1. தகட்டைத் திரும்பப் பற்றவைத்து, பெரிய சுவிட்சை அனலாக் பக்கம் போட்டு, குமிழைத் திருகினேன். வழக்கம்போல் குதித்துக் கிளம்பியது.